வீட்டில் குறை உண்டா?

ஆலம்பொய்கை,
வல்லத்திராக்கோட்டை வழி,
20-1-2025

அன்பு மகள் சிவரஞ்சனிக்குப் பெரியப்பா பிச்சை சொல்லி எழுதுவது. இங்கே நானும் மருமகள் வனிதாவும் பேத்தியும் சுகம். உன் சுகத்தையும் என் தம்பி நல்லதம்பியின் சுகத்தையும் அறிய ஆவல்.

எழுதுகிற கை நம் ஊர்த் தபாலாபீஸ் அன்புச்செல்வியுடையது. படித்த மருமகள் வீட்டில் இருக்க, தபாலாபீஸ் வரை எதற்கு நடக்கிறீர்கள் என்று வனிதா கேட்கிறாள். அவளிடம் சொல்லி எழுதினால் சாயங்காலம் குழாயடியில் ஆளுக்கு ஒரு வரி ஒப்பிப்பார்கள். அன்புச்செல்வியிடம் சொன்னது அவளோடு நிற்கும். (வனிதா அக்கா எனக்குத் தோழி. இந்த வரியை எழுத மாட்டேன் என்றேன். ஐயா விடவில்லை. – அன்புச்செல்வி)

போனில் பேசலாமே என்பாய். எதிரே இருப்பவரின் வாயைப் பார்த்தால் எனக்குப் பாதி புரியும், மீதியைக் காது பிடிக்கும். போனுக்கு வாய் இல்லை. படம் தெரிகிற போனிலோ வாய் முன்னால் போகிறது, சத்தம் பின்னால் வருகிறது.

உன் அப்பன் அனுப்பும் கவரில் நாலு மூலையிலும் மஞ்சள் இருக்கும். எங்கள் ஆத்தா பழக்கிவிட்டது. துக்க வீட்டிலிருந்து போகிற கடிதத்துக்கு மட்டும் மஞ்சள் கிடையாது. எனக்குப் படிக்கத் தெரிந்தது அந்த மஞ்சள் ஒன்றுதான். கவரைப் பிரிக்கும் முன்பே, “சொகமாத்தான் இருக்கான்” என்று சொல்லிவிடுவேன். கார்த்திகைக்குப் பிறகு அந்தக் கவரைக் காணோம். என்ன ஆயிற்று?

நம் பொய்கை அம்மன் கோவில் கதவுக்குச் சர்க்கார் வைத்த சீல் இப்போது நீங்கப் போகிறது. ஒன்பது வருஷம் கழித்துச் சித்திரையில் நகைப்பெட்டி திறக்கும். நம் பங்காளிகளுக்குள்ள கீழக்கரைச் சாவியை அதிகாரிகள் என் கையில் கொடுத்துவிட்டார்கள். இதைத் தம்பிக்குச் சொல்.

நீ பூட்டு வேலை பார்ப்பதாக அவன் முன்பு எழுதியிருந்தான். கம்ப்யூட்டருக்கு என்ன பூட்டு? புரியும்படி எழுது.

இப்படிக்கு,
பிச்சை (பெருவிரல் ரேகை)


கோயம்புத்தூர்,
2-2-2025

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்குச் சிவரஞ்சனியின் வணக்கம். நாங்கள் நலம். உங்கள் காதும் முழங்காலும் எப்படி இருக்கின்றன?

அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, அதனால்தான் எழுதவில்லை. இப்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “மஞ்ச வச்சியா, மஞ்ச வச்சியா” என்று உயிரை எடுக்கிறார். கடிதத்தை முடிக்கும் முன்பே கவருக்கு வைத்துவிட்டேன்.

என் வேலையைக் கேட்டீர்கள். எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்குக் கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்து தருகிறது. நோயாளியின் ரிப்போர்ட், மாத்திரை, பழைய வியாதி எல்லாம் அதற்குள் இருக்கும். அதில் யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்று வகுப்பதுதான் நான் செய்கிற பூட்டு. நாலு விதமான முறைகள் இருக்கின்றன. அவற்றை ஒப்பிட்டு, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எது பொருந்தும் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒரு முறையில் உடையவர் வைத்ததுதான் சட்டம். என் ரிப்போர்ட்டை யாருக்குக் காட்டலாம் என்று நானே சொல்வேன். சுலபம்தான். ஆனால் நான் ஒருவருக்குக் காட்ட, அவர் இன்னொருவருக்குக் காட்ட, அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்றில் மேலிடம் முத்திரை குத்திவிடும். முத்திரை விழுந்தபின், எழுதியவரே நினைத்தாலும் அடுத்தவருக்குத் தர முடியாது. பட்டாளத்துக்கு அது சரி. அடிபட்டு வந்தவரின் ரத்த வகையைப் பார்க்க விடாமல் முத்திரை தடுத்தால் என்ன செய்வது?

மூன்றாவது முறை ஆளைப் பார்க்காது, பதவியைப் பார்க்கும். நர்ஸ் என்றால் இவ்வளவு, டாக்டர் என்றால் இவ்வளவு. இப்போது அநேகமாக எல்லா இடத்திலும் இதுதான். ஆனால் வார்டு மாறிப் போகிற நர்ஸிடமிருந்து பழைய வார்டின் உரிமையை யாரும் நினைவாகத் திரும்ப வாங்குவதில்லை. கொஞ்ச காலத்தில் ஒருத்தியிடமே ஆஸ்பத்திரி முழுவதற்கும் சாவி சேர்ந்துவிடும். கடைசி முறை அந்த நேரத்து நிலைமையைப் பார்க்கும். இவருக்கு இன்றைக்கு டியூட்டியா, இந்த நோயாளி இவருடைய பொறுப்பா, ஆஸ்பத்திரிக்குள்தான் இருக்கிறாரா? எல்லாம் பொருந்தினால்தான் திறக்கும். எனக்குப் பிடித்தது இதுதான்.

அதில் நான் ஒரு விதி போட்டிருக்கிறேன். பெரிய பரிசோதனையின் முடிவு வந்தால், டாக்டர் நேரில் விளக்கிச் சொல்லும் வரை அது நோயாளிக்கே தெரியாமல் நிற்கும். தனியாகப் படித்துப் பயந்துவிடக் கூடாதே என்றுதான். அதற்கு அப்பா, “என் ரத்தம், என் சீட்டு, எனக்கே பூட்டாடி?” என்று சண்டைக்கு வருகிறார்.

அவர் எழுதச் சொன்னது: வாசல் பலாவில் பிஞ்சு விட்டதா? வாரேன்.

அன்பு மகள்,
சிவரஞ்சனி


ஆலம்பொய்கை,
12-2-2025

அன்பு மகளுக்குப் பெரியப்பாவின் ஆசி. கடிதம் கண்டேன், மஞ்சளும் கண்டேன். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. முழங்கால் மட்டும் ஆளை எழுப்ப யோசிக்கிறது.

“வாரேன்” என்றுதான் உன் அப்பன் கல்யாணம் ஆகிப் போன நாளிலிருந்து எழுதுகிறான். பஸ்ஸுக்குத்தான் அது தெரியவில்லை என்று சொல்.

உன் நாலு முறையையும் அன்புச்செல்வி இரண்டு தடவை படித்தாள். எனக்கு நம் அம்மன் பெட்டி ஞாபகம் வந்தது. நகை செய்து போட்டவனே மறுபடி அதைத் தொட முடியாது. உன் முத்திரை மாதிரி. சாவியும் பிச்சைக்குச் சொந்தமில்லை, கீழக்கரையின் மூத்தவனுக்குச் சொந்தம். நான் போனால் தம்பிக்கு. நீ சொன்ன பதவி அதுதானே? உனக்குப் பிடித்த கடைசி முறைதான் எனக்கும் பிடித்தது. அதுவும் நம்மிடம் இருக்கிறது.

நீ சின்னப் பிள்ளையாக வந்தபோது பெட்டி திறந்ததைப் பார்த்திருப்பாய், நினைவிருக்காது. பெட்டிக்குப் பூட்டு மூன்று. ஒன்று நம் கீழக்கரைக்கு, ஒன்று மேலக்கரைக்கு, ஒன்று பூசாரிக்கு. திறப்பதற்கு முன்னால் பூசாரி ஒவ்வொரு கரையையும் பார்த்து, “வீட்டில் குறை உண்டா?” என்று கேட்பார். “குறையில்லை” என்று வாய்விட்டுச் சொன்னால்தான் சாவி உள்ளே போகலாம். பங்காளிகளில் யாராவது செத்துத் தீட்டாக இருந்தால், சாவியைத் தட்டில் வைத்து மற்றக் கரையிடம் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் இரண்டு பூட்டையும் திறப்பார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சாவி திரும்பி வர வேண்டும். தூரத்தில் நடந்த சாவு என்றால், சேதி காதில் விழுந்த பொழுதிலிருந்துதான் தீட்டு.

அந்தத் திரும்பி வருகிற இடத்தில்தான் சண்டையே வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பெட்டி திறக்கிற நாளில் நம் பங்காளி வீட்டில் துக்கம். சாவி மேலக்கரை ஆவுடையப்பனிடம் போயிற்று. காரியம் முடிந்தது, சாவி வரவில்லை. போய்க் கேட்டால், “ஒங்க கரையில எவனாச்சும் செத்துக்கிட்டேதான் இருக்கான், எங்கிட்டயே இருக்கட்டுமே” என்றான். இங்கிட்டும் கம்பு எடுத்தார்கள், அங்கிட்டும் எடுத்தார்கள். அதிகாரிகள் வந்து சாவிகளை வாங்கிக்கொண்டு கோவிலுக்குச் சீல் வைத்தார்கள்.

இனி ஒரு தடவை சாவி அங்கிட்டுப் போனால் திரும்பாது என்று நம் கரைப் பிள்ளைகள் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். பெட்டியை இந்த வருஷம் என் கையால் திறந்து மூட வேண்டும். அதற்குப் பிறகு எமன் வந்தாலும் உட்காரச் சொல்லி மோர் கொடுப்பேன்.

பலாவில் அடிமரத்திலேயே பிஞ்சு விட்டிருக்கிறது.

இப்படிக்கு,
பிச்சை


கோயம்புத்தூர்,
3-3-2025

அண்ணனுக்குத் தம்பி நல்லதம்பி கும்பிட்டு எழுதியது. இது என் கைதான். எழுத்து கோணலாக இருக்கும், அன்புச்செல்வி திட்டாமல் படிக்கட்டும். (திட்டவில்லை. – அன்புச்செல்வி, படிக்கும்போது எழுதியது)

நான் இருக்கிறேன். பசி குறைவு. காலையில் இட்லியைக் கண்டால் ஓடலாம் போல இருக்கிறது, ஓடத்தான் முடியவில்லை.

உங்கள் கடிதத்தைப் பாப்பா பலமுறை படித்தாள். அவள் சொல்வது இது: “அப்பா, பெரியப்பா பெட்டியில ஒரு ஓட்டை இருக்கு. அந்தப் பூட்டு ஆள் வாயை நம்புது. குறையில்லன்னு பொய் சொன்னா அதுக்குத் தெரியாது. சேதியே வராட்டி, சொல்றவருக்கே பொய்னு தெரியாது. என் நாலாவது முறையிலயும் அதான் தொல்லை. வெளியிலேருந்து சரியான சேதி வந்தாத்தான் பூட்டு சரியா வேலை செய்யும்.” சரியாகத்தான் சொல்கிறாள். நானும் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணே, எது எப்படி ஆனாலும் இந்த வருஷம் பெட்டியை நீங்கள் திறக்க வேண்டும். அந்தச் சாவி கைமாறியபோது ஊரில் இல்லாமல் போனேனே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்தத் தடவை வேறு எதையும் மனசில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பிஞ்செல்லாம் நிற்கிறதா, உதிர்கிறதா?

வாரேன்.

தம்பி,
நல்லதம்பி


ஆலம்பொய்கை,
14-3-2025

அருமைத் தம்பிக்கு அண்ணன் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே சௌக்கியம் என்று நீ எழுதவில்லை. “இருக்கிறேன்” என்று எழுதியிருக்கிறாய்.

சித்திரை நாலாம் செவ்வாயில் பெட்டி திறக்க நாள் குறித்திருக்கிறது. கார் வைத்தாவது வா. கோவில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறேன். ஆவுடையப்பன் உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன்தானே, உன்னைப் பார்த்தால் முறைக்கமாட்டான். என்னைப் பார்த்தால்தான் தெருவை மாற்றிப் போகிறான்.

டாக்டர் என்ன சொன்னார்? உன் சீட்டைப் பாப்பா உன்னிடம் காட்டினாளா இல்லையா? அவளிடம் கேட்டு எழுது.

பிஞ்சு நிற்கிறது. நீ வந்து அறுக்க ஒன்று விட்டுவைப்பேன்.

அண்ணன்,
பிச்சை

(ஐயா இதை எழுதச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். சீக்கிரம் பதில் போடுங்கள். – அன்புச்செல்வி)


கோயம்புத்தூர்,
22-4-2025

அன்புள்ள பெரியப்பாவுக்குச் சிவரஞ்சனி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் உடல்நலத்தை வேண்டிக்கொள்கிறேன்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். வேலை அதிகம். நாலு முறைகளைப் பற்றியும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பதவி முறையை அடித்தளமாக வைத்து, அதன்மேல் நிலைமை முறையைக் கட்டலாம் என்பது என் முடிவு. நர்ஸ் என்ற பதவி கதவு வரை கொண்டு வரும். அன்றைய டியூட்டிதான் கதவைத் திறக்கும். அவசரம் என்றால் டாக்டர் பூட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போகலாம். ஆனால் யார் உடைத்தது, எதற்கு உடைத்தார் என்று பதிவாகிவிடும். எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.

அங்கே வெயில் எப்படி? இங்கே மழை தூறியது. நீங்கள் நல்லபடியாகப் பெட்டியைத் திறந்து மூட வேண்டும். அதுதான் எங்கள் எல்லோருடைய ஆசையும்.

அப்பா உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்புடன்,
சிவரஞ்சனி


கோயம்புத்தூர்,
22-4-2025

அன்புச்செல்வி அக்காவுக்கு வணக்கம். நீங்கள் நலம்தானே? இதை உங்கள் பெயருக்குத் தனியாகப் போட்டிருக்கிறேன். பெரியப்பா பக்கத்தில் இருந்தால் இப்போது பிரிக்க வேண்டாம்.

அக்கா, அப்பா போன புதன்கிழமை இறந்துவிட்டார். உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கும்படி எழுதி வைத்திருந்தார், கொடுத்துவிட்டோம். ஊரில் யாருக்கும் நான் சொல்லவில்லை.

அது அவருடைய கடைசி வார்த்தை. “அண்ணனுக்குச் சொன்னா தீட்டு. தீட்டுன்னா சாவி ஆவுடையப்பன்கிட்டப் போயிரும், அப்புறம் வராது. பெட்டி மூடுற வரைக்கும் வாயைத் தொறக்காதே. சேதி காதுல விழாத வரைக்கும் அண்ணன் சுத்தம்தான்.” என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார்.

பெரியப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் நான் பொய் எழுதவில்லை. சொல்லாமல் விட்டிருக்கிறேன். நீங்கள் அதை மட்டும் படித்துக் காட்டுங்கள். திருவிழா முடிந்ததும் நானே வந்து சொல்வேன். இந்தக் கதவுக்கு உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

உங்கள் தங்கை போல,
சிவரஞ்சனி


ஆலம்பொய்கை,
27-4-2025

அன்புள்ள தங்கை சிவரஞ்சனிக்கு அன்புச்செல்வி எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அப்பாவுக்காக அழுதேன். அதையும் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு அழ வேண்டியிருந்தது.

உன்னிடம் எனக்குக் கோபமும் இருக்கிறது. கடிதம் வந்தால் உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும், எங்கள் வேலை அவ்வளவுதான். வைத்துக்கொள்ளப் பழகியவர்கள் இல்லை. உன் கடிதம் எனக்கு வந்தது என்பது சரி. ஆனால் அதில் செத்திருப்பது அவர் தம்பி.

ஆனாலும் சொல்லவில்லை. உன் அப்பாவின் வார்த்தைக்காகத்தான். ஐயாவுக்கு வந்த கடிதத்தைப் படித்துக் காட்டினேன். “சத்தமாப் படி” என்றார், படித்தேன். “பலாவைப் பத்திக் கேக்கலியா?” என்றார். இல்லை என்றேன். பிறகு கவரைக் கேட்டு வாங்கினார். மூலைகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். திருப்பியும் தடவினார். மடித்து மடியில் வைத்துக்கொண்டு, “வாரேன் தாயி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ மஞ்சள் வைக்கவில்லை.

துக்க வீட்டில் மஞ்சளைத் தொடக் கூடாது என்று உனக்குத் தோன்றியிருக்கும். வைத்திருந்தாலும் அது பெரிய பொய்தான். என்ன செய்வது?

அவர் அதன்பிறகு எதையும் கேட்கவில்லை. தினமும் வந்து ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். பெட்டி திறக்கிற செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா,
அன்புச்செல்வி


ஆலம்பொய்கை,
10-5-2025

மகள் சிவரஞ்சனிக்குப் பெரியப்பா எழுதுவது. இந்த வீட்டில் இப்போது துக்கம். அதனால் சுகம் விசாரிக்கவில்லை.

கவரைக் கையில் வாங்கியபோதே தெரிந்துவிட்டது. அன்புச்செல்வியிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் பொய் சொல்ல வேண்டும், இல்லையென்றால் உன் வாக்கை முறிக்க வேண்டும். இரண்டும் அவளுக்குப் பாவம். அதனால் கேட்கவில்லை. எனக்கும் ஒரு கணக்கு இருந்தது, மறைப்பானேன்? கேட்காத வரை காதில் விழாது. காதில் விழாத வரை தீட்டு இல்லை. குளித்து, வேட்டி மாற்றி, சாவியை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை கோவிலுக்குப் போனேன். பலிபீடத்தைத் தாண்ட மட்டும் கால் வரவில்லை. வெளியிலேயே நின்றேன்.

பூசாரி வாசலுக்கு வந்து முதலில் மேலக்கரையைக் கேட்டார். ஆவுடையப்பன், “குறையில்லை” என்றான். என் பக்கம் திரும்பினார். “கீழக்கரை, வீட்டில் குறை உண்டா?”

சொல்லியிருக்கலாம். முறைப்படி பார்த்தால் நான் சுத்தம். தம்பி ஆசைப்பட்டதும் அதைத்தான். வாயைத் திறந்தேன். அவன் இட்லியைக் கண்டு ஓட நினைத்தது ஞாபகம் வந்தது.

“குறை இருக்கு” என்றேன்.

நம் கரைப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டார்கள். “பெருசு, என்ன ஒளர்ற? யாரு செத்தா?”

“என் தம்பி.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல.”

“காது கேக்காத மனுசனுக்குக் காத்து வந்து சொல்லுச்சாக்கும்! சாவிய அங்கிட்டுக் குடுத்தா நீயும் அங்கிட்டே போயிரு, சொல்லிப்புட்டேன்.”

ஒருத்தன் கூட்டத்தில் அன்புச்செல்வியைப் பார்த்துவிட்டான். “இந்தா, இவதான லெட்டர் படிக்கிறவ. சொல்லு, நல்லதம்பி இருக்காரா இல்லையா?” என்றான். (முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. – அன்புச்செல்வி)

அதோடு பேச்சு அடங்கியது. அப்போதுதான் என் காதிலும் விழுந்தது என்று வைத்துக்கொள்.

தட்டு வந்தது. சாவியை வைத்தேன். ஆவுடையப்பன் தட்டை வாங்காமல் என்னையே பார்த்தான். “நல்லதம்பிங்களா?” என்று கேட்டான். அவன் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். சண்டைக்குப் பிறகு அவன் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை ஒற்றிக்கொண்டு, தட்டை வாங்கி உள்ளே போனான்.

பெட்டி திறக்கிற சத்தம் எனக்குக் கேட்காது. ஜனங்கள் கை கூப்பியதைப் பார்த்து, திறந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

உன்மேல் கோபம் இல்லை என்றால் பொய். ஒருநாளாவது நான் அவனுக்காகச் சாப்பிடாமல் இருந்திருப்பேன். அவன் எப்படிப் போனான், பக்கத்தில் யார் இருந்தது, கடைசியில் என்ன கேட்டான், எல்லாம் எழுது. எனக்குப் பயம் வரும் என்று எதையும் நிறுத்தி வைக்காதே.

இப்படிக்கு,
பிச்சை


கோயம்புத்தூர்,
17-5-2025

பெரியப்பாவுக்குச் சிவரஞ்சனி காலில் விழுந்து எழுதுவது.

அப்பாவுக்குக் கணையத்தில் புற்று. தை மாதமே எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பாவிடம் பிறகு சொல்லலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். அவர் சீட்டைக் கேட்டுச் சண்டை போட்டதெல்லாம் அந்த நாட்களில்தான். ஒருநாள் அவரே டாக்டரிடம் நேராகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். என்னைத் திட்டவில்லை. “ஒரு மாசம் முந்தித் தெரிஞ்சிருந்தா ஊருக்கு ஒரு நடை போயிட்டு வந்திருப்பேன்டி. அப்ப கால்ல தெம்பு இருந்துச்சு” என்றார். அவ்வளவுதான். உங்களுக்குத் தன் கையால் எழுதியது அதற்கு மறுநாள்.

காலையில் ஒரு வாய் காப்பி கேட்டார். குடித்தார். நானும் பக்கத்து வீட்டு மரியசெல்வம் அண்ணனும் இருந்தோம். “பிஞ்சு நிக்குதாம்ல” என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை.

அவருக்கு ஒரு பூட்டுப் போட்டேன். அது சரியில்லை என்று தெரிந்த பின்பும் அதே பூட்டை உங்களுக்கும் போட்டேன். சத்தியம் வாங்கினார் என்பது உண்மைதான், ஆனால் எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. உங்களிடம் சொல்லாத வரை, எனக்கும் அவர் முழுசாகப் போகவில்லை.

நான் எழுதிக் கொடுத்ததில் ஒன்றை மாற்றச் சொல்லியிருக்கிறேன். எந்த முறையை வைத்தாலும், தன் முடிவு வந்துவிட்டது என்பது நோயாளிக்கு உடனே தெரிய வேண்டும். உடனே படிப்பதா, டாக்டர் வரும் வரை பொறுப்பதா என்பதை அவரே சொல்லட்டும், அவருக்குப் பதிலாக நாங்கள் சொல்லக் கூடாது. மேலே உள்ளவர்கள் யோசிக்கிறார்கள். ஒத்துக்கொள்வார்களா என்று தெரியவில்லை.

காரியம் முடிந்ததும் சாவி திரும்ப வருமா, பெரியப்பா? வராவிட்டால் அதற்கு நான்தான் காரணம்.

சிவரஞ்சனி


ஆலம்பொய்கை,
30-5-2025

அன்பு மகள் சிவரஞ்சனிக்குப் பெரியப்பா ஆசீர்வதித்து எழுதுவது. காரியம் முடிந்தது. இங்கே அனைவரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை அன்புச்செல்வி நிறுத்தி நிறுத்திப் படித்தாள். காப்பி குடித்தான் என்ற இடத்தில் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

சாவி வரவில்லை. காரியத்துக்கு மறுநாள் ஆவுடையப்பன் வந்தான். வாசல் பலாவடியிலேயே நின்றான். வனிதா மோர் கொடுத்தாள், குடித்தான். கையில் சாவி இல்லை. “எங்கடா சாவி?” என்றேன்.

“வீட்டுலதாண்ணே இருக்கு. கொண்டாரல.”

“பழைய புத்தியா?”

“இல்லண்ணே. ஒரு பெஞ்சுல ஒக்காந்து படிச்சவன். அவன் மக ஒருத்தி அங்கிட்டுத் தனியாக் கெடந்து அழுகுது, நீங்க இங்கிட்டு ஒக்காந்து அழுகுறீங்க. இதுக்குப் பேரு காரியம் முடிஞ்சதா? அந்தப் புள்ள வந்து இந்த வாசல்ல நிக்கட்டும். அன்னைக்கு நான் வந்து, வீட்ல குறை உண்டான்னு கேப்பேன். நீங்க ரெண்டு பேருமாச் சேந்து சொல்லுங்க. சாவிய வச்சிட்டுப் போறேன்.”

நம் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். “நல்லா அளந்துவிட்டுப் போறாரு, நீயும் நம்பு பெருசு” என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். அவன் மனசுக்குள் போய்ப் பார்க்க என்னிடம் சாவி இல்லை. அவன் மோர் குடித்துவிட்டுச் சொம்பைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். அதை மட்டும்தான் நான் பார்த்தேன்.

இப்போது என்னிடம் இருப்பது பலாப்பழம் ஒன்றுதான். வாசனை தெருக்கோடி வரை போகிறது. உன் அப்பனுக்கென்று விட்டுவைத்தது. அறுக்காமல் வைத்திருக்கிறேன்.

பெரியப்பா,
பிச்சை

(கவரின் மூலைகளைப் பார். ஐயா தன் கையால் வைத்தது. குழைத்ததில் தண்ணீர் அதிகமாகி, விலாசத்திலும் கொஞ்சம் வழிந்துவிட்டது. – அன்புச்செல்வி)


கோயம்புத்தூர்,
5-6-2025

பெரியப்பாவுக்கு வணக்கம். இங்கே சுகம். அங்கே சுகம் என்று கவரைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறுகிறேன். திருச்சியில் மாறி, சாயங்காலம் விளக்கு வைக்கும் முன் ஆலம்பொய்கையில் இருப்பேன். ஆவுடையப்பன் சித்தப்பாவுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

வாரேன்.

சிவரஞ்சனி